பிடித்த காசும் செல்லும் காசும்

அரபு இலக்கியத் திறனாய்வின் விடியற்காலத்தில் தோன்றிய நூல்களுள் இப்னு ஸல்லாம் அல் ஜுமஹியின் ‘தபகாத்’ தலையாயது. கவிஞர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வரிசைப்படுத்திய அந்நூலின் முன்னுரைப் பகுதியில் ஒரு சிறிய உரையாடல் வருகிறது. கவிதையின் தரம் காண்பதில் பேர் பெற்றிருந்த பஸராவின் கலஃபுல் அஹ்மரிடம் ஒருவர் வந்தார். ஒரு கவிதையைக் கேட்டு அது தம் மனத்துக்கு இனித்துவிட்டால், அதைப்பற்றிக் கலஃபும் அவருடைய தோழர்களும் என்ன சொல்கிறார்கள் என்பது தமக்கு ஒரு பொருட்டில்லை என்றார் அவர். கலஃப் சினம் கொள்ளவில்லை. ஒரு திர்ஹம் நாணயத்தைக் கையில் வாங்கி, அதன் அழகில் நீர் மகிழ்ந்திருக்கும் வேளையில், காசு பார்ப்பவன் அது மட்டம் என்று சொல்லிவிட்டால், உம்முடைய மகிழ்ச்சி கடைத்தெருவில் உமக்கு எதை வாங்கித் தரும் என்ற பொருள்படத் திருப்பிக் கேட்டார்.

திறனாய்வுக்கு அரபியில் ‘நக்து’ என்று பெயர். நல்ல காசையும் கள்ளக் காசையும் தட்டிப் பார்த்து, உரைத்துப் பார்த்துப் பிரித்தெடுப்பதே அச்சொல்லின் முதற்பொருள். காசு பார்ப்பவனை ‘ஸர்ராஃப்’ என்பார்கள். நம் கடைத்தெருக்களில் வழங்கிய ‘சராப்பு’ என்ற சொல் அதன் வழி வந்ததே. தமிழிலும் இத்தொழில் பழையது. நாணயச் சோதனை செய்தவர்களை வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர்களுள் சிலர் அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. எனவே கலஃபின் உவமை நமக்கு அயலானதன்று.

ஆயினும் அந்த உவமையில் கலஃப் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. காசு பார்ப்பவன் தவறிவிட்டால் என்ன செய்வது? அவனுடைய உரைகல் தேய்ந்திருந்தால் என்ன செய்வது? நம் காசு நல்ல காசுதான் என்று நாம் உறுதியாக நம்பும்போது, எந்த முறையில் அவனை மறுத்துரைப்பது? இசையிலும் கவிதையிலும் தோய்ந்த ஒவ்வொரு சுவைஞனுக்கும் இந்தக் கேள்வி வாழ்நாளில் ஒரு முறையேனும் வந்தே தீரும். தான் நெஞ்சாரப் போற்றும் பாடகரின் கச்சேரியைப் பற்றி மறுநாள் காலைப் பத்திரிகையில் ஒருவர் நான்கு வரியில் தாழ்த்தி எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அவன் உள்ளம் கொதிக்கிறது. பேனாவை எடுக்கிறான். அவன் என்ன எழுத வேண்டும்? எதை எழுதக் கூடாது?

இதை ஆராய்வதற்கு உலகம் அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு நாளேட்டின் இசை விமர்சனம். மறுபக்கம் அதை மறுத்து எழுதப்பட்ட ஒரு கடிதம். மறுத்து எழுதியவர் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர். பாடியவர் அவருடைய ஒரே மகள்.

1950 டிசம்பர் 5

அன்று மாலை வாஷிங்டன் நகரத்துக் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் மார்கரெட் ட்ரூமன் பாடினார். அவருக்கு அப்போது வயது 26. உச்சக் குரலில் பாடும் பயிற்சி பெற்றிருந்த அவர், 1947-இல் டெட்ராய்ட் இசைக்குழுவினருடன் வானொலியில் முதன்முதலாகப் பாடி, அதன்பின் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்துவந்தார். அரங்கில் தந்தையும் தாயும் அமர்ந்திருந்தனர். வாஷிங்டனுக்கு வந்திருந்த பிரிட்டிஷ் பிரதமர் கிளெமென்ட் அட்லியும் உடனிருந்தார்.

தந்தையின் உள்ளம் அன்று எந்த நிலையில் இருந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. நவம்பர் இறுதியில் சீனப் படைகள் பெருந்திரளாக இறங்கியதால் அமெரிக்கப் படைகள் பனியில் உறைந்து பின்வாங்கிக்கொண்டிருந்தன. அட்லி விரைந்து வந்ததும் அதைப்பற்றிப் பேசத்தான். ஒரு மாதத்துக்கு முன்னர், நவம்பர் முதல் நாளில், ட்ரூமனைக் கொல்ல வந்த இருவர் அவர் தங்கியிருந்த பிளேர் ஹவுஸ் வாசலிலேயே துப்பாக்கியால் சுட்டதில் காவலர் ஒருவர் உயிர்துறந்தார். கச்சேரி நாளன்றே மற்றோர் இடி விழுந்தது. ட்ரூமனோடு பள்ளியில் படித்தவரும், அவருடைய பத்திரிகைச் செயலாளருமான சார்லஸ் ராஸ், அலுவலக மேசையிலேயே மாரடைப்பால் இறந்துபோனார். மகளின் பாட்டு குலைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தச் செய்தி அவரிடமிருந்து மறைக்கப்பட்டது. நண்பனின் மரணத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, முகத்தில் காட்டாமல், தந்தை மகளின் பாட்டைக் கேட்டார்.

அவையோர் கைதட்டினர். மறுநாள் காலை ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழில் அதன் இசை விமர்சகர் பால் ஹியூமின் கட்டுரை வெளிவந்தது.

விமர்சனத்தைப் பற்றி

முதலில் விமர்சனத்தை எடைபோடுவோம். ஹியூம் எழுதியதன் சாரம் இது: மார்கரெட்டின் குரல் இனிமையானது, ஆனால் சிறியது, நடுத்தரமானது. மேடையில் அவர் தோற்றம் மிகவும் கவர்ச்சியானது. எனினும் அவரால் நன்றாகப் பாட முடியவில்லை. பெரும்பகுதியில் சுருதி இறங்கிவிடுகிறது. முந்தைய ஆண்டுகளில் கேட்டதைவிட இம்முறை அந்தக் குறை மிகுதி. பாட்டின் முடிவை எட்டிவிடுவார் என்ற நிம்மதியோடு கேட்கும் தருணங்கள் சிலவே. ஆண்டுகள் சென்றும் முன்னேற்றம் இல்லை. தொழில்முறைப் பாடகருக்கு வேண்டிய தேர்ச்சி கிட்டவில்லை. ஷூமன், ஷூபர்ட், மோட்சார்ட் ஆகியோரின் இசை கேலிச் சித்திரமாகிவிட்டது. அப்படியிருந்தும் உலகின் தலைசிறந்த பாடகர்களுக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுத்து மக்கள் வந்து கேட்கிறார்கள். இவ்வளவு நல்ல ஒருவரைப் பற்றி இப்படி எழுதுவது மனத்துக்கு உவப்பில்லாத கடமை. ஆனால் எழுதாமலே விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இந்த எழுத்தின் பலம் எங்கே இருக்கிறது? முதலாவதாக, அவர் நிறையைச் சொல்லிய பிறகே குறைக்கு வருகிறார். இரண்டாவதாக, குறையைப் பெயரிட்டுச் சொல்கிறார். ‘பாட்டு நன்றாக இல்லை’ என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடவில்லை. சுருதி இறங்குகிறது என்கிறார். இது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. காதும் பயிற்சியும் உள்ள மற்றொருவர் இல்லை என்று மறுக்கலாம்; ஆம் என்று ஒப்பலாம். மூன்றாவதாக, ஒரே இரவை வைத்து அவர் தீர்ப்பு வழங்கவில்லை. பல ஆண்டுகள் கேட்டதை ஒப்பிட்டுச் சொல்கிறார். நான்காவதாக, தாம் யாருக்காக எழுதுகிறோம் என்பதை மறக்கவில்லை. கட்டணத்தைப் பற்றிய அந்த ஒரு வரியே அவருடைய உரிமைப் பத்திரம். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கும் பொதுமக்களின் சார்பில் காசைத் தட்டிப் பார்க்க நியமிக்கப்பட்டவர் அவர். குடியரசுத் தலைவரின் மகள் என்பதற்காக ஓசையை மாற்றிச் சொன்னால், அன்றோடு அவருடைய கடையை மூடிவிட வேண்டியதுதான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாட்டின் முடிவை எட்டுவதைப் பற்றிய வரி நகைச்சுவைக்காக எழுதப்பட்டது. அந்த நகை இல்லாவிட்டாலும் கருத்து அப்படியே நின்றிருக்கும். அது செய்த வேலையெல்லாம் பாடியவரைப் புண்படுத்தியது மட்டுமே. கேலிச் சித்திரம் என்ற சொல்லும் அத்தகையதே. சுருதி இறங்கியது என்பது சான்று. கேலிச் சித்திரம் என்பது வசை. மூன்று பெரும் இசையமைப்பாளர்களின் பெயரைச் சொல்லியவர், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அவர்களுடைய உயிர் போயிற்று என்று ஓரிடத்தையேனும் சுட்டியிருந்தால், படிப்பவன் கற்றுக்கொண்டிருப்பான், பாடியவரும் கற்றுக்கொண்டிருப்பார். உரைகல்லில் விழுந்த கோட்டைக் காட்டாமல் தீர்ப்பை மட்டும் சொல்லும் இடங்களில் காசு பார்ப்பவன் நம் நம்பிக்கையை இரவல் கேட்கிறான்.

ஆக, இந்த விமர்சனம் மறுக்க முடியாத வேதவாக்கு அன்று. மறுப்பதற்கு அதில் இடம் இருந்தது. நல்ல சுவைஞன் ஒருவன் அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம்.

கடிதத்தைப் பற்றி

மறுப்பு எழுத ட்ரூமனுக்குத் தகுதி இல்லை என்று எவரும் கருதிவிடக் கூடாது. இசையில் அவருடைய பற்று நாடறிந்தது. மிசௌரி மாநிலத்தில் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலையில் எழுந்து பள்ளிக்குச் செல்லுமுன் பியானோப் பயிற்சி செய்தவர். பெரும் பியானோக் கலைஞர் படெரெவ்ஸ்கியைச் சிறுவயதில் நேரில் கண்டு, அவர் இயற்றிய ஓர் இசைத்துணுக்கின் நுட்பத்தை அவரிடமே கேட்டறியும் பேறு பெற்றவர். மோட்சார்ட்டையும் ஷோப்பானையும் விரும்பிக் கேட்டவர். ஆட்சிப் பொறுப்பின் நடுவிலும் பியானோவை விடாதவர். சுருதி இறங்கியதா இல்லையா என்று சொல்லும் செவி அவருக்கு இருந்தது.

அந்தச் செவியுடையவர் டிசம்பர் 6 காலையில் கைப்பட எழுதிய கடிதத்தில் இருந்தவை யாவை? விமர்சனம் மட்டமானது. எழுதியவர் வாழ்க்கையில் தோற்றுப்போன ஏக்கம் பிடித்த கிழவர். வாங்கும் சம்பளத்துக்கு மிஞ்சிய வயிற்றுப்புண் உடையவர். என்றாவது நேரில் சந்தித்தால் அவருக்குப் புது மூக்கு தேவைப்படும். வீங்கிய கண்களில் வைத்துக் கட்ட நிறைய மாட்டிறைச்சி தேவைப்படும். இன்னும் கீழேயும் ஒரு கட்டுத் தேவைப்படலாம். தாம் மிகவும் வெறுத்த ஒரு பத்தி எழுத்தாளர்கூட இவரோடு ஒப்பிட்டால் கனவான். இவ்வளவே. அலுவலகத்தாரின் பார்வைக்கு வைக்காமல், தபால் தலை ஒட்டி அனுப்பிவிட்டார்.

இதனை ஒரு திறனாய்வு மாணவன் வாசிக்க வேண்டிய முறையில் வாசித்துப் பாருங்கள். அக்கடிதத்தில் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகள் சுருதி சேர்ந்து பாடினாள் என்று அவர் எழுதவில்லை. மோட்சார்ட்டை இன்னபடி பாடினாள், அதை நீர் கேட்கத் தவறினீர் என்று எழுதவில்லை. பல ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்ற கூற்றுக்கு, இல்லை, இன்ன விதத்தில் முன்னேறியிருக்கிறாள் என்று எழுதவில்லை. அவர் பேசியதெல்லாம் விமர்சகரின் வயிற்றையும் வயதையும் மூக்கையும் பற்றியே. அதிலும் ஒரு பிழை. ஹியூமைக் கிழவர் என்றார். ஹியூமுக்கு அப்போது வயது 34. அவர் ஏக்கம் பிடித்தவரும் அல்லர். தாமே பாடத் தெரிந்தவர், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். காசைப் பற்றி எழுந்த வழக்கில், காசைத் தொடாமலே, காசு பார்த்தவனின் முகத்தை வருணித்துவிட்டு எழுந்துவிட்டார் தந்தை.

பாட்டைப் பற்றி அவர் ஏன் எழுதவில்லை? சினம் மிகுதியால் மறந்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் சில நாள்களுக்குப் பிறகு, சினம் ஆறத் தொடங்கிய வேளையில், தம் நாட்குறிப்பிலும் இதைப்பற்றி எழுதினார். கச்சேரி நன்றாக இருந்தது என்கிறார். பியானோ துணை வாசித்த இளைஞர் நன்றாக வாசித்தார். அவரையும் விமர்சகர் தாழ்த்திவிட்டார் என்கிறார். பியானோவின் மெருகு ஒன்றைத்தான் அந்த மனிதர் குறை சொல்லாமல் விட்டார் என்று தளபதி மார்ஷல் சொன்ன வேடிக்கையையும் குறித்துவைக்கிறார். தம் குழந்தையை அவ்வளவு கீழே தள்ளிவிட்டாரே என்ற வேதனை அதில் ஒலிக்கிறது. அங்கும் சுருதியைப் பற்றிப் பேச்சில்லை. செவியுள்ள அந்த மனிதர் எங்கே மௌனமாகிறார் என்பதைக் கவனித்தால், அந்த மௌனமே ஒரு சாட்சியம் போல் இருக்கிறது. இது நம் ஊகமே. ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒரே பொருளைப் பற்றி வாய் திறவாதது தற்செயல் என்று கொள்வது கடினம்.

தந்தையை இதற்காக நாம் எள்ளுவதற்கில்லை. மகள் பாடும்போது தந்தை கேட்பது பாட்டை மட்டுமா? முதல் மழலையிலிருந்து அன்றைய மாலை வரை அவள் குரலில் சேர்ந்துள்ள 26 ஆண்டுகளையும் அவர் சேர்த்துக் கேட்கிறார். அது பொய்யான இன்பம் அன்று. ஆனால் சீட்டு வாங்கி வந்தவனுக்கு அந்த 26 ஆண்டுகள் கிடைப்பதில்லை. அவனுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துப் பாட்டு மட்டுமே. இதனால்தான் உறவினர் சாட்சியை எந்த மன்றமும் நிறுத்துப் பார்த்தே ஏற்கிறது. தந்தையின் அன்பு வீட்டுக்குள் பொன். கடைத்தெருவில் அதை மாற்ற இயலாது.

பக்தாதில் நடந்த சச்சரவு

இசையைப் பற்றிய சச்சரவு வேறு விதமாகவும் நடக்கக்கூடும் என்பதற்கு அரபு இசை வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. அங்கும் ஒரு பக்கம் அரச குலம். மறுபக்கம் ஒரு கலைஞர்.

அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் இஸ்ஹாக் அல் மவ்ஸிலி பழைய இசை மரபின் காவலராக விளங்கினார். அவருக்கு எதிர்நின்றவர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி. இவர் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் சகோதரர். 817 முதல் 819 வரை பக்தாதில் தாமே கலீஃபாவாக அறிவிக்கப்பட்டிருந்தவர். அரிய குரல்வளம் படைத்தவர். பழைய பாடல்களைத் தம் விருப்பப்படி சுருக்கியும் மாற்றியும் பாடுவார். இது முறையன்று என்று இஸ்ஹாக் வெளிப்படையாக மறுத்தார். நான் அரசன், அரசனின் மகன், என் மனம் போனபடி பாடுவேன் என்ற கருத்தில் இப்ராஹீம் ஒரு சமயம் விடையிறுத்ததாகச் சொல்லப்படுகிறது. ட்ரூமனின் கடிதத்துக்கும் இந்த விடைக்கும் தூரம் அதிகமில்லை. பாட்டைப் பற்றிக் கேட்டால் பதவியைக் காட்டுவது இரண்டிலும் ஒன்றே.

ஆனால் அவர்களுடைய வழக்கு அந்த விடையோடு நின்றுவிடவில்லை என்பதே அதன் சிறப்பு. இந்தப் பாட்டின் தாளம் எது, அதன் அசைகளைப் பிரிப்பது எப்படி, எந்த விரல் நிலையில் அதன் இசை அமைகிறது என்றெல்லாம் இருவரும் வாதிட்டனர். எழுத்து மூலமாகவும் தருக்கம் செய்தனர். கேட்டவர்கள் இரு கட்சியாயினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி ‘கிதாபுல் அகானி’ எனும் பெருநூலைத் தொகுத்தபோது, பாடல்களின் தாளத்தையும் விரல் நிலையையும் இஸ்ஹாக்கின் முறையைப் பின்பற்றிக் குறித்துவைத்தார். இளவரசரின் அரசுரிமை இரண்டாண்டில் மறைந்தது. பாட்டைப் பற்றி அவ்விருவரும் பேசியவை நூலில் தங்கின. சச்சரவு காசைப் பற்றியதாக இருந்தபடியால் பின்வந்தோருக்கு அதில் கற்பதற்குப் பொருள் இருந்தது.

ட்ரூமனின் கடிதத்திலிருந்து இசையைப் பற்றி எவரும் எதையும் கற்க முடியாது. ஒரு தந்தையின் நெஞ்சைப் பற்றி மட்டுமே கற்கலாம்.

கடிதத்தின் பின் நடந்தவை

‘வாஷிங்டன் போஸ்ட்’ அக்கடிதத்தை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. ஆனால் செய்தி கசிந்து, நகரத்தின் மற்றொரு நாளேடு அதனை அச்சிட்டுவிட்டது. நாடெங்கும் பேச்சாயிற்று. மகளுக்காகப் பரிந்த தந்தையைப் பாராட்டியும், பதவியின் மதிப்பைக் குலைத்தார் என்று கண்டித்தும் கடிதங்கள் குவிந்தன.

இந்த இடத்தில் இரண்டு பேருடைய நடத்தை நினைவில் நிறுத்தத் தக்கது. ஒருவர் ஹியூம். நெருங்கிய நண்பரை இழந்து, உலக நெருக்கடியின் பாரத்தையும் தாங்கிநிற்கும் ஒரு மனிதருக்கு எப்போதாவது வரும் சினத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் அவர் பேசினார். அதே வேளையில் தம் தீர்ப்பிலிருந்து ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. மற்றொருவர் மார்கரெட். ஹியூம் மிக நல்ல விமர்சகர் என்றும், தாம் விரும்பியதை எழுத அவருக்கு உரிமை உண்டு என்றும் செய்தியாளரிடம் சொன்னார். குறை சொல்லப்பட்டவர் அவர், புண்பட்டவர் அவர், அந்த வழக்கில் மிகுந்த நிதானத்தோடு பேசியவரும் அவரே. தந்தை காக்கப் புறப்பட்ட மகளுக்குத் தந்தையின் காவல் தேவைப்படவில்லை. மேடைப் பாட்டு பின்னர் அவரை விட்டு அகன்றது. எழுத்தில் அவர் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார். 1973-இல் வெளிவந்த தந்தையின் வரலாறும், பின்னர் எழுதிய துப்பறியும் நாவல்களும் அவருக்கு வாசகர்களைத் தந்தன. 2008-இல் அவர் மறைந்தார்.

மற்றொரு தந்தை

இந்த வரலாற்றில் இன்னொரு கடிதமும் உண்டு. அது இசை ரசிகர் எழுதியதன்று. விமர்சகர் எழுதியதும் அன்று. கொரியாவில் தம் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை ட்ரூமனுக்கு எழுதியது. போரில் காயமுற்றோருக்கும் உயிரிழந்தோருக்கும் வழங்கும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் அவர் வீட்டுக்கு வந்திருந்தது. அதை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் மகனின் உயிர் போனதற்கு நீரே பொறுப்பாளி. இதை நீரே வைத்துக்கொள்ளும். எங்கள் மகனுக்கு நேர்ந்தது உம் மகளுக்கு நேராமற் போனதே எங்கள் வருத்தம் என்ற பொருளில் எழுதியிருந்தார். கொடிய சொற்கள். ஒரு தந்தையின் வாயிலிருந்து மற்றொரு தந்தையை நோக்கி வந்தவை. பத்திரிகையில் வந்த சில வரிகளுக்காகத் தம் மகளுக்கு வரிந்துகட்டி நின்ற மனிதரின் கடிதத்தை நாடே படித்திருந்த பின்னர் எழுதப்பட்டவை.

ட்ரூமன் இதற்கு என்ன விடை எழுதியிருக்க முடியும்? 1972 டிசம்பரில் அவர் காலமான பிறகு, அவருடைய நூலகத்தில் இருந்த மேசையின் இழுப்பறையில் அந்தப் பதக்கமும் அந்தக் கடிதமும் காணப்பட்டன. அவற்றை அவர் எறிந்துவிடவும் இல்லை. ஆவணக் கிடங்குக்கு அனுப்பிவிடவும் இல்லை. கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தார். விமர்சகருக்கு உடனே விடை எழுதிய கை, இந்தத் தந்தையின் கடிதத்தை இழுப்பறையில் வைத்துக் காத்தது. எந்தக் குறைகூறல் வலிக்கத் தகுந்தது, எது பொறுக்கத் தகுந்தது என்பதை அவர் அறியாதவர் அல்லர் என்றே நாம் கொள்ள விரும்புகிறோம்.

சினமும் நிலைக்கவில்லை. 1958-இல் மரியா கல்லாஸின் கச்சேரியைக் கேட்டு எழுதக் கான்சாஸ் நகரத்துக்கு வந்த ஹியூம், அருகிலிருந்த இன்டிபென்டன்ஸ் ஊருக்குச் சென்று ட்ரூமனைச் சந்தித்தார். புது மூக்கு தேவைப்படவில்லை. முதியவர் அவரை இன்முகத்தோடு வரவேற்றார். இருவருக்கும் பொதுவான ஒன்று, இசை, முதலிலிருந்தே இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடிதமும் அதைப்பற்றியே பேசியிருக்கலாமே என்ற ஏக்கம் படிப்பவர்க்கு எழாமற் போகாது.

நமக்கு

சுவைஞன் விமர்சகனை மறுக்கலாகாது என்பது நம் கருத்தன்று. மறுக்க வேண்டும். மறுப்பார் இல்லாத ஊரில் விமர்சகன் சோம்பேறியாவான்; அவனுடைய உரைகல் தேயும்; நாளடைவில் முகத்தைப் பார்த்துக் காசை மதிப்பான். ஆனால் மறுப்புக்கு முறை உண்டு. நீர் குறித்த இடத்தில் நான் கேட்டது வேறு என்று சொல்லலாம். உம் சொல்லுக்குச் சான்று காட்டும் என்று கேட்கலாம். நீர் வைத்த அளவுகோல் இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். வேறொரு சராப்பிடம் காசைக் கொண்டுபோய்க் காட்டலாம். இவை யாவும் கலஃபின் கடைத்தெருவில் செல்லும் வழிகளே. எனக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் அங்கே செல்லாது. உன் மூக்கை உடைப்பேன் என்பது ஒருபோதும் செல்லாது.

விமர்சகருக்கும் இதில் பாடம் உண்டு. தாம் தட்டிப் பார்ப்பது வெறும் காசு அன்று. அதை ஒருவர் தம் உயிரைச் சிறிது சிறிதாக உருக்கி அடித்திருக்கிறார். அருகில் அவருடைய பெற்றோர் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மட்டம் என்றால் மட்டம் என்றே சொல்ல வேண்டும். சொல்லும்போது கோட்டைக் காட்ட வேண்டும், சிரிக்க வேண்டியதில்லை.

நம் இல்லங்களிலும் பிள்ளைகள் பள்ளி விழாவில் பாடுகிறார்கள், பேச்சுப் போட்டிக்குப் போகிறார்கள், கவிதை எழுதி இதழ்களுக்கு அனுப்புகிறார்கள். பரிசு கிடைக்காத மாலையில், நடுவர் ஓரவஞ்சகர், அவருக்கு என்ன தெரியும் என்று நாம் குழந்தையின் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம். அன்பினால் சொல்கிறோம். அந்தச் சொல்லில் குழந்தை கற்றுக்கொள்வது என்ன? குறை சொன்னவரைக் குறை சொன்னால் போதும் என்பதே. அதற்கு மாறாக, அவர் எந்த இடத்தைக் குறை சொன்னார், வா, அந்த இடத்தை மறுபடியும் பாடிப் பார்ப்போம் என்று ஒரு தந்தை அருகில் அமர்ந்தால், குழந்தைக்கு அன்பும் கிடைக்கும், பாட்டும் கிடைக்கும்.